ரயிலைத் திறந்துவிட ஐந்து வழிகள்: எந்த நாடு எதைக் கொடுத்து எதைப் பெற்றது

"ரயிலைத் தனியாருக்குக் கொடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "ரயிலில் எந்தப் பகுதியை?" என்பதுதான். தண்டவாளமும் சிக்னலும் ஒரு சொத்து. அதன் மேல் ஓடும் பெட்டிகளும் இன்ஜின்களும் வேறு சொத்து. ஓட்டுநர், கார்டு, டிக்கெட் விற்பனை எல்லாம் சேர்ந்து ஒரு தொழில். கால அட்டவணை போடுவது ஓர் அதிகாரம். சரக்கு ரயில் வியாபாரம் என்றால், காலை நேரப் புறநகர் ரயில் கிட்டத்தட்ட ஒரு பொதுச்சேவை. கடந்த 40 ஆண்டுகளில் ஒவ்வொரு நாடும் இந்தக் கட்டை வெவ்வேறு இடத்தில் வெட்டியிருக்கிறது. பிரிட்டன் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்தது. ஜப்பான் தண்டவாளத்தையும் ரயிலையும் பிரிக்காமல் நிலப்பரப்பைப் பிரித்தது. சுவிட்சர்லாந்து பயணிகள் ரயிலைப் பொறுத்தவரை ஏறக்குறைய எதையும் பிரிக்கவில்லை.

அதனால்தான் இந்த விவாதம் முடிவுக்கு வருவதில்லை. ஆதரிப்பவர் இத்தாலியில் குறைந்த கட்டணத்தைக் காட்டுகிறார். எதிர்ப்பவர் பிரிட்டனில் நடந்ததைக் காட்டுகிறார். இரண்டும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன என்று பார்த்துவிட்டால், ஒரு நாடு எந்த வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

## முதலில் அளவுகோல்கள்

ஐந்து கேள்விகளை வைத்து ஒவ்வொரு வழியையும் பார்க்கப் போகிறேன்.

முதலாவது, கடைசியில் யார் பணம் கட்டுகிறார்? டிக்கெட் விலை குறைந்து வரிப்பணம் கூடியிருந்தால் அது லாபக் கணக்கு ஆகாது. இரண்டாவது, நட்டத்தில் ஓடும் கிளைப் பாதைகள் என்ன ஆகின்றன? மூன்றாவது, விபத்தோ தாமதமோ நேர்ந்தால் பொறுப்பு ஒரு கையில் இருக்கிறதா, பலர் கையில் சிதறிக் கிடக்கிறதா? நான்காவது, தவறாகப் போனால் திரும்பி வர எவ்வளவு செலவு?

ஐந்தாவதுதான் என் பார்வையில் எல்லாவற்றுக்கும் மூத்தது: தண்டவாளத்தின் நேரத்தைப் பங்கிடுவது யார்? பங்கீட்டில் தகராறு வந்தால் தீர்த்துவைக்க, ரயில் ஓட்டாத ஒருவர் இருக்கிறாரா?

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ரயிலுக்கும் சாலைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. சாலையில் ஒரு பஸ் கம்பெனி கூடுதலாக வந்தால் இன்னொரு பஸ் ஓடும், அவ்வளவுதான். தண்டவாளத்தில் அப்படி முடியாது. 100 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் முந்திச் செல்ல இடமில்லை. இரண்டு ரயில்களுக்கு நடுவே குறைந்தது 5 நிமிடம் இடைவெளி வேண்டும். எல்லா ரயிலும் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போனால் மணிக்கு 12 ரயில் விடலாம். இப்போது அதே தடத்தில் 50 கி.மீ. வேகச் சரக்கு ரயிலையும் 100 கி.மீ. வேக விரைவு ரயிலையும் மாறி மாறி விட்டுப் பாருங்கள். சரக்கு ரயில் தடத்தைக் கடக்க 2 மணி நேரம் ஆகும். பின்னால் வரும் விரைவு ரயில் அதை எட்டிவிடாமல் இருக்க வேண்டுமென்றால் 65 நிமிடம் கழித்துத்தான் கிளம்ப முடியும். அதற்கு 5 நிமிடம் கழித்து அடுத்த சரக்கு ரயில். ஆக, 70 நிமிடத்துக்கு 2 ரயில்கள். ஒரே வேகத்தில் விட்டிருந்தால் அதே நேரத்தில் 14 போயிருக்கும்.

புதிய நிறுவனம் ஒன்று உள்ளே வருகிறது என்றால், இப்படிப்பட்ட ஒரு நேரத்துண்டைக் கேட்கிறது என்று பொருள். தடம் காலியாக இருந்தால் பிரச்சினை இல்லை. நெரிசலான தடமாக இருந்தால் ஏற்கெனவே ஓடும் யாரோ ஒருவரிடமிருந்து எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். கீழே வரும் ஐந்து கதைகளிலும் இந்தக் கணக்கு தலைகாட்டிக்கொண்டே இருக்கும்.

## வழி 1: எல்லாவற்றையும் பிரித்து விற்பது (பிரிட்டன்)

1993இல் சட்டம் வந்தது. 1994 முதல் 1997க்குள் பிரிட்டிஷ் ரயில் என்ற ஒரே அரசு நிறுவனம் பல துண்டுகளானது. தண்டவாளமும் நிலையங்களும் ரெயில்டிராக் என்ற நிறுவனத்துக்குப் போய், 1996இல் அதன் பங்குகள் சந்தையில் விற்கப்பட்டன. ரயில் பெட்டிகள் மூன்று குத்தகை நிறுவனங்களின் சொத்தாயின. ரயில் ஓட்டும் உரிமை ஃபிரான்சைஸ் முறையில், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கான ஒப்பந்தமாக, பல கம்பெனிகளுக்கு ஏலம் விடப்பட்டது. பராமரிப்பு வேலை ஒப்பந்ததாரர்களிடம் போனது.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 1990களின் நடுவில் ஆண்டுக்கு 75 கோடி அளவில் இருந்த பயணங்கள், கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் 170 கோடியைத் தாண்டின. பொருளாதார வளர்ச்சியும் சாலை நெரிசலும் இதில் பங்கு வகித்தன என்றாலும், கம்பெனிகள் கூடுதல் ரயில்களை விட்டதும் டிக்கெட்டை விற்கத் தெரிந்துகொண்டதும் காரணங்கள்தான்.

செலவு வேறு இடத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. 2000 அக்டோபர் 17 அன்று லண்டனிலிருந்து லீட்ஸ் போன ரயில், ஹாட்ஃபீல்டு அருகே ஒரு வளைவில் மணிக்கு 185 கி.மீ. வேகத்தில் தடம்புரண்டது. 4 பேர் இறந்தார்கள். சக்கரமும் தண்டவாளமும் உராய்ந்து உராய்ந்து ஏற்பட்ட நுண்விரிசல்களால் தண்டவாளம் 300க்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியிருந்தது. விரிசல் இருப்பது முன்பே தெரியும். மாற்றுத் தண்டவாளம் தயாராகியும் உரிய இடத்தில் பொருத்தப்படவில்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது: இதே போன்ற விரிசல் நாட்டில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்பதற்கு ரெயில்டிராக்கிடம் முழுமையான பதிவு இல்லை. தன் சொத்தின் நிலை பற்றிய அறிவையே ஒப்பந்ததாரர்களிடம் விட்டிருந்தது. பயத்தில் 1,200க்கும் மேற்பட்ட இடங்களில் வேகக் கட்டுப்பாடு போட்டார்கள். நாடு முழுக்க அட்டவணை குலைந்தது. ஓராண்டில் ரெயில்டிராக் திவால் நிர்வாகத்துக்குள் போனது. 2002இல் லாப நோக்கற்ற நெட்வொர்க் ரெயில் அதை எடுத்துக்கொண்டது. 2014இல் அதுவும் அரசுக் கணக்கில் சேர்க்கப்பட்டபோது 3,000 கோடி பவுண்டுக்கும் மேலான கடன் நாட்டின் பொதுக்கடனில் ஏறியது.

இன்னொரு மறைமுகச் செலவு, பழிபோடும் வேலை. ஒரு ரயில் தாமதமானால் தண்டவாள நிறுவனம் இழப்பீடு கட்ட வேண்டுமா, ரயில் கம்பெனி கட்ட வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் தீர்மானிக்க வேண்டும். ரயிலில் மோதிய பறவை சிறியதா பெரியதா என்பதைப் பொறுத்துக்கூடப் பழி மாறும் அளவுக்கு விதிகள் இருந்தன. தாமதத்துக்கு யார் காரணம் என்று வாதாடுவதையே முழுநேர வேலையாகச் செய்பவர்கள் சுமார் 400 பேர் என்று 2021இல் அரசின் சீர்திருத்த அறிக்கையே எழுதியது. அந்தச் சம்பளமும் டிக்கெட்டிலிருந்தும் வரியிலிருந்தும்தான் போனது.

ஏலமுறையும் தன் பலவீனத்தைக் காட்டியது. லண்டன்–எடின்பரோ கிழக்குக் கடற்கரைத் தடத்தை வென்றவர்கள் அரசுக்குக் கட்டுவதாகச் சொன்ன தொகையைக் கட்ட முடியாமல் அடுத்தடுத்து மூன்று முறை ஒப்பந்தம் பாதியில் முறிந்தது. 2009இலும் 2018இலும் அரசே ரயிலை ஓட்ட வேண்டி வந்தது. ஏலத்தில் அதிகம் கேட்பவருக்கே கொடுப்பது என்றால், வருமானத்தை மிக நம்பிக்கையோடு கணித்தவரே வெல்வார். கணிப்பு பொய்த்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம்.

2024இல் சட்டம் மாறியது. ஒப்பந்தங்கள் முடிய முடிய ரயில் சேவைகளை அரசு எடுத்துக்கொள்கிறது. 2025 மே 25 அன்று சவுத் வெஸ்டர்ன் ரயில்வே முதலாவதாக வந்தது. ஒப்பந்தக் காலம் முடியும் வரை காத்திருப்பதால் இழப்பீட்டுச் செலவு பெரிதாக இல்லை. ஆனால் பெட்டிகள் இன்னும் குத்தகை நிறுவனங்களுடையவைதான், வாடகை தொடர்கிறது. திரும்பி வரும்போதும் எல்லாமே திரும்பி வந்துவிடாது.

இந்த வழி எங்கே பொருந்தும்? தண்டவாளத்தையும் சேர்த்து விற்கும் முழு வடிவம் எங்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதைக் கண்டுபிடித்த நாடே எட்டு ஆண்டுகளுக்குள் அந்தப் பகுதியைக் கைவிட்டது.

## வழி 2: ஒரே தடத்தில் நேருக்கு நேர் போட்டி (இத்தாலி, ஸ்பெயின்)

தண்டவாளம் அரசுடையதாகவே இருக்கும். வாடகை கட்டி யார் வேண்டுமானாலும் ரயில் விடலாம். அரசு மானியம் கிடையாது, லாப நட்டம் அவரவர் பாடு. ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் தண்டவாளக் கணக்கையும் ரயில் கணக்கையும் பிரிக்கச் சொல்லி இந்தப் பயணத்தைத் தொடங்கியது. 2007இல் சரக்கு முழுதாகத் திறந்தது. 2010இல் பன்னாட்டுப் பயணிகள் ரயிலும், 2020 டிசம்பர் அட்டவணையிலிருந்து உள்நாட்டுப் பயணிகள் ரயிலும் திறந்தன.

இத்தாலி ஒன்றியத்தின் கெடுவுக்குக் காத்திருக்கவில்லை. 2012 ஏப்ரலில் இட்டாலோ என்ற தனியார் அதிவேக ரயில், அரசின் ஃப்ரெச்சியாரோசாவுக்கு எதிரே அதே தடத்தில் ஓடத் தொடங்கியது. கட்டணம் இறங்கியது, ரயில்கள் பெருகின, மிலான்–ரோம் பயணத்தில் விமானம் பின்தங்கியது. முதல் சில ஆண்டுகள் இட்டாலோ கடனில் தத்தளித்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அப்போது புதிதாக வந்த போக்குவரத்து ஒழுங்குமுறை ஆணையம் அதிவேகத் தடத்தின் வாடகையைக் கணிசமாகக் குறைத்தது. அந்தக் குறைப்பு இல்லாமல் இட்டாலோ தப்பியிருக்குமா என்பது சந்தேகம்தான். இத்தாலியின் வெற்றியைப் போட்டியின் வெற்றி என்று மட்டும் சொல்பவர்கள் இந்த ஆணையத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்பெயின் இன்னும் திட்டமிட்டுச் செய்தது. தண்டவாள நிறுவனமான அடிஃப், 2005இலேயே ரயில் ஓட்டும் ரென்ஃபேயிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தது. அடிஃப் தன் அதிவேகத் தடங்களின் நேரத்தை மூன்று அளவில் தொகுத்து, பத்தாண்டு ஒப்பந்தமாக வழங்கியது. பெரிய தொகுப்பு ரென்ஃபேக்கு, நடுத்தரம் இர்யோ என்ற புதிய நிறுவனத்துக்கு, சிறியது ஃபிரெஞ்சு அரசு ரயிலின் கிளையான உய்கோவுக்கு. 2021 மே மாதம் உய்கோவும் 2022 நவம்பரில் இர்யோவும் மாட்ரிட்–பார்சிலோனா தடத்தில் இறங்கின. ரென்ஃபே தானும் அவ்லோ என்ற மலிவுக் கட்டண ரயிலை விட்டது. பயணிகள் எண்ணிக்கை எகிறியது.

இங்கே போட்டி ஏன் எளிதாக ஓடியது? தடம் புதியது. ஸ்பெயினின் அதிவேகத் தடங்கள் பழைய வலையமைப்பிலிருந்து அகலத்திலேயே வேறுபட்டவை, ஆகவே சரக்கு ரயிலும் புறநகர் ரயிலும் அதில் பெரும்பாலும் குறுக்கிடுவதில்லை. ஓடுபவை எல்லாம் ஏறக்குறைய ஒரே வேகம். கட்டிவைத்த தடத்தில் காலி நேரம் ஏராளம். மேலே சொன்ன 12 ரயில் கணக்குக்குப் பொருத்தமான இடம் அது. இதே போட்டியை 70 நிமிடத்துக்கு 2 ரயில் போகும் பழைய கலப்புத் தடத்தில் நடத்திக் காட்டச் சொன்னால் கதை வேறாக இருக்கும்.

மறைமுகச் செலவு மூன்று. ஒன்று, போட்டியாளர்கள் எல்லோரும் லாபம் தரும் பெருநகரத் தடத்துக்கே வருவார்கள். முன்பு அந்த லாபத்திலிருந்து சிறு ஊர் ரயில்களைத் தாங்கிய பழைய நிறுவனத்துக்கு அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். மிச்சத்தை அரசு வெளிப்படையாக மானியமாகக் கொடுத்தாக வேண்டும். இரண்டு, விலைப்போரில் கம்பெனிகள் நட்டப்படும். ஸ்பெயினில் தொடக்க ஆண்டுகளில் அதுதான் நடந்தது, அடக்கவிலைக்கும் கீழே விற்கிறார்கள் என்று போக்குவரத்து அமைச்சரே குற்றம் சாட்டினார். பின்னால் நிற்பது இன்னொரு நாட்டின் அரசு ரயில் நிறுவனம் என்றால், ஒரு நாட்டு வரிப்பணம் மற்றொரு நாட்டு டிக்கெட்டைக் குறைக்கிறது என்றாகிறது. மூன்று, ஒருவரின் டிக்கெட் மற்றவர் ரயிலில் செல்லாது. கடைசி ரயிலைத் தவறவிட்டவருக்கு அது சிறிய விஷயம் இல்லை.

## வழி 3: அட்டவணை அரசுடையது, ஓட்டுவது டெண்டரில் வென்றவர் (ஸ்வீடன், ஜெர்மனி)

பெரிதாகப் பேசப்படாத, ஆனால் என் மதிப்பில் வட்டார ரயில்களுக்கு மிக உகந்த வழி இது. ஸ்வீடன் 1988இலேயே தண்டவாளத்தை ரயிலிலிருந்து பிரித்தது. ஐரோப்பாவில் முதல் நாடு அதுதான். வட்டார ரயில் சேவையை உள்ளூர் நிர்வாகங்கள் பொறுப்பேற்று டெண்டர் விடத் தொடங்கின. ஜெர்மனியில் 1994இல் மேற்கு, கிழக்கு ரயில்வேக்கள் இணைந்து டாய்ச்ச பான் உருவானது. 1996 முதல் வட்டார ரயிலுக்கான பணமும் அதிகாரமும் மாநிலங்களுக்குப் போயின. எத்தனை ரயில், எத்தனை மணிக்கு, எந்த நிலையத்தில் நிற்கும், டிக்கெட் எவ்வளவு என்பதை மாநில அமைப்புகள் தீர்மானிக்கின்றன. குறைந்த மானியம் கேட்பவர் ஓட்டுகிறார். இன்று ஜெர்மன் வட்டார ரயில்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் டாய்ச்ச பான் அல்லாதவர்கள் ஓட்டுகிறார்கள். மூடப்பட்டிருந்த கிளைப் பாதைகள் சில மீண்டும் உயிர்பெற்றதும் இந்த முறையில்தான்.

குறைந்த விலைக்கு எடுப்பவர் கவிழ்ந்துபோவது இதன் ஆபத்து. 2021இல் ஜெர்மனியில் வட்டார ரயில்களை ஓட்டிய அபேலியோ என்ற நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டது. சம்பளம் உயர்ந்தது, தண்டவாள வேலைகளால் ரயில் தாமதமாகித் தண்டத்தொகை ஏறியது, பழைய ஒப்பந்த விலையில் சமாளிக்க முடியவில்லை. நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் அதன் ரயில்களை 2022 தொடக்கத்தில் அவசரமாக மற்ற நிறுவனங்களிடம் கைமாற்ற வேண்டியிருந்தது. டெண்டர் விடுகிறவர்களிடம் இப்படிப்பட்ட நாளுக்கு ஒரு மாற்றுத் திட்டமும், முடிந்தால் பெட்டிகளின் உரிமையும் இருக்க வேண்டும்.

ஜெர்மனியின் இன்னொரு பாதி கதை வருத்தமானது. தண்டவாளமும் நெடுந்தூர ரயிலும் ஒரே குழுமத்தில் இருக்க, குழுமம் பங்குச்சந்தைக்குப் போகத் தயாரானது. 2008 நிதி நெருக்கடியால் அது நின்றுபோனது. அந்தக் காலம் முழுதும், அதற்குப் பின்னும், தண்டவாளத்தில் போட வேண்டிய பணம் போதுமான அளவு போடப்படவில்லை. 2024இல் நெடுந்தூர ரயில்களில் சரியான நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். அதுவும் 6 நிமிடத்துக்குள் தாமதமானால் நேரத்துக்கு வந்ததாகவே கணக்கு. தாமதமாக வரும் ஜெர்மன் ரயிலை எல்லையிலேயே நிறுத்தி, பயணிகளைத் தன் ரயிலுக்கு மாற்றும் நிலைக்கு சுவிட்சர்லாந்து வந்தது. டெண்டர் முறை எவ்வளவு நன்றாக இருந்தாலும், தேய்ந்த தண்டவாளத்தை அது சரிசெய்யாது.

## வழி 4: பிரிக்காமல் வட்டாரமாக்கி விற்பது (ஜப்பான், சரக்கில் அமெரிக்கா)

ஜப்பானின் தேசிய ரயில்வே 1987 ஏப்ரல் 1 அன்று ஆறு வட்டாரப் பயணிகள் நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் ஆனது. ஒவ்வொரு பயணிகள் நிறுவனத்துக்கும் தண்டவாளம், ரயில், நிலையம், நிலம் எல்லாம் சொந்தம். ஆகவே பழிபோடும் 400 பேர் அங்கே தேவையில்லை. ரயில் வருவதால் நிலத்தின் மதிப்பு ஏறினால், நிலையத்துக்கு மேலே கட்டிய கடையும் ஹோட்டலும் அந்த லாபத்தை ரயில் நிறுவனத்துக்கே திருப்பிக் கொடுக்கும். கட்டண உச்சவரம்பை அமைச்சகம் அனுமதிக்க வேண்டும். அதை முடிவுசெய்யும்போது நிறுவனங்களின் செலவை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒரே தடத்தில் போட்டி இல்லாமலேயே செலவைக் குறைக்க வைக்கும் நல்ல உத்தி இது.

விலை என்ன? பழைய கடன் சுமார் 37 லட்சம் கோடி யென். அதில் 25 லட்சம் கோடிக்கும் மேல் புதிய நிறுவனங்களின் தலையில் ஏற்றாமல் தனி அமைப்பு ஒன்றில் ஒதுக்கிவைக்கப்பட்டது. நிலத்தையும் பங்குகளையும் விற்று அடைப்பதாகத் திட்டம். 1998இல் அந்த அமைப்பைக் கலைத்தபோது கடன் சுமார் 28 லட்சம் கோடியாக ஏறியிருந்தது. பெரும்பகுதி அரசின் பொதுக்கணக்குக்குப் போனது. புதிய நிறுவனங்களின் லாபத்தைப் பாராட்டுகிறவர்கள் இந்த வரியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

டோக்கியோவும் ஒசாகாவும் உள்ள நிறுவனங்கள் செழித்தன. பனி கொட்டும், மக்கள்தொகை சுருங்கும் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் நிறுவனத்துக்கு (ஜேஆர் ஹொக்கைடோ) ஒரு வைப்புநிதியைக் கொடுத்து அதன் வட்டியில் நட்டத்தை ஈடுகட்டச் சொன்னார்கள். ஜப்பானில் வட்டி விகிதம் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்தது. 2016இல் ஜேஆர் ஹொக்கைடோ தன் தடங்களில் சுமார் பாதியைத் தன்னந்தனியாகப் பராமரிக்க முடியாது என்று அறிவித்தது. 2000இல் சட்டம் தளர்ந்ததிலிருந்து, ஒரு தடத்தைக் கைவிட அனுமதி தேவையில்லை, ஓராண்டுக்கு முன் அறிவித்தால் போதும்.

பாதுகாப்பிலும் ஒரு பாடம் உண்டு. 2005 ஏப்ரல் 25 அன்று அமாகசாகியில் வேகமாக வளைவில் திரும்பிய ரயில் அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதி, ஓட்டுநர் உட்பட 107 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் சுமார் 90 விநாடி தாமதத்தை ஈடுகட்ட விரைந்துகொண்டிருந்தார். தாமதமாக்கும் ஊழியர்களை அவமானப்படுத்தும் "மறுபயிற்சி" முறை அந்த நிறுவனத்தில் இருந்தது. எல்லாம் ஒரே கையில் இருந்தாலும், அந்தக் கை அட்டவணையை மட்டுமே பார்த்தால் ஆபத்துதான்.

அமெரிக்கா இதே வடிவத்தைச் சரக்கில் வைத்திருக்கிறது. 1970இல் பென் சென்ட்ரல் என்ற பெரிய ரயில் நிறுவனம் திவாலானது. 1980இன் ஸ்டாகர்ஸ் சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. தனியார் சரக்கு ரயில்கள் மீண்டு, பணவீக்கத்தைக் கழித்த சரக்குக் கட்டணம் வெகுவாக இறங்கியது. தோற்றது பயணிகள் ரயில். அரசின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்டிராக் பெரும்பாலும் சரக்கு நிறுவனங்களின் தடத்தில்தான் ஓடுகிறது. பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை என்று 1973 முதல் சட்டம் சொல்கிறது. நடைமுறையில், சரக்கு ரயில் கிளைத்தடத்துக்குள் அடங்காத நீளத்தில் வந்தால் ஒதுங்கிக் காத்திருப்பது பயணிகள் ரயில்தான். முன்னுரிமையை மீறியதற்காக நீதித்துறை வழக்குத் தொடர்ந்தது 1979இல் ஒரு முறை, பிறகு 2024இல்தான். மெக்சிகோவும் 1990களின் பிற்பகுதியில் சரக்கை நடுவில் வைத்து உரிமம் கொடுத்தது. நகரங்களுக்கிடையிலான பயணிகள் ரயில் அங்கே ஏறக்குறைய மறைந்தே போனது.

## வழி 5: அரசே நடத்துவது (சுவிட்சர்லாந்து)

"அரசு நடத்தினால் மந்தமாகத்தான் இருக்கும்" என்பதற்கு சுவிட்சர்லாந்து எதிர்ச்சாட்சி. 1987இல் மக்கள் வாக்கெடுப்பில் "பான் 2000" திட்டத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். முதலில் அட்டவணையை வரைந்தார்கள்: பெரிய நிலையங்களில் எல்லா ரயிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து, ஆட்கள் மாறிய பிறகு ஒன்றாகக் கிளம்ப வேண்டும். அதற்கு சூரிச்–பெர்ன் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்று தெரிந்தது. பிறகுதான் அதற்கு வேண்டிய புதிய தடத்தைக் கட்டினார்கள். 2004 டிசம்பரில் அட்டவணை அமலுக்கு வந்தது.

நேருக்கு நேர் போட்டி இந்த ஏற்பாட்டுக்குள் நுழைந்தால், கோத்துவைத்த இணைப்புகள் ஒவ்வொன்றாக அறுபடும். அதே சமயம் சரக்கைத் திறந்துவிட்டார்கள். தடநேரம் ஒதுக்கத் தனி அமைப்பும் வைத்திருக்கிறார்கள். செலவு? வரிப்பணம், தாராளமாக. 2014இல் ரயில் கட்டமைப்புக்கு நிரந்தர நிதி ஒன்றையும் வாக்களித்தே உருவாக்கினார்கள். ஆட்சி மாறினாலும் அந்தப் பணம் வரும் என்ற உறுதி இல்லாத நாடு இந்த வழியின் பெயரை மட்டும்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

## நடுவர் இல்லாமல் திறந்தால்

இந்தியா 2020 ஜூலையில் 109 தடங்களில் 151 தனியார் ரயில்களுக்கு அழைப்பு விடுத்தது. 12 தொகுப்புகள், 35 ஆண்டு உரிமம், கட்டணத்தை நிறுவனமே நிர்ணயிக்கலாம். ஓராண்டு கழித்து விலை கேட்டபோது வந்தவர்கள் இருவர். அதில் ஒருவர் ரயில்வேயின் சொந்த நிறுவனமான ஐஆர்சிடிசி. திட்டம் அத்தோடு முடிந்தது. கொரோனா ஒரு காரணம். ஆனால் முதலீட்டாளராக யோசித்துப் பாருங்கள். தண்டவாளம், சிக்னல், ஓட்டுநர், கார்டு எல்லாம் ரயில்வேயிடம். பக்கத்துத் தடத்தில் மானியக் கட்டணத்தில் ஓடும் போட்டி ரயிலும் அவர்களுடையது. உங்கள் ரயிலை ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள் என்று முறையிட, சட்டத்தின் பலத்தோடு நிற்கும் சுதந்திரமான ஆணையம் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று ரயில்வே சீர்திருத்தத்துக்காக அரசு அமைத்த பிபேக் தேப்ராய் குழு 2015இலேயே சொல்லிவிட்டது. 2017இல் ரயில் மேம்பாட்டு ஆணையத்துக்கு அமைச்சரவை ஒப்புதலும் தந்தது. அழைப்பு விடுத்த நாளில் அது செயல்படும் நிலையில் இல்லை.

இத்தாலியில் ஆணையம் தாமதமாக வந்தும் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றியது. இங்கே ஆணையம் வராததால் நிறுவனங்களே வரவில்லை.

## யாருக்கு எது

| வழி | பயணிக்குத் தெரியும் பலன் | தெரியாத செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| எல்லாம் பிரித்து விற்பது | கூடுதல் ரயில்கள் | வழக்கு, பழி, பராமரிப்பு அறிவின் இழப்பு | முழு வடிவில் எங்குமில்லை |
| நேரடிப் போட்டி | கட்டணக் குறைவு | சிறு ஊர்களுக்குத் தனி மானியம் | காலி நேரமுள்ள, ஒரே வேகத் தடம் |
| டெண்டர் | சேவைக்கு உத்தரவாதம் | நடுவில் கவிழும் ஒப்பந்தம் | வட்டார, புறநகர் ரயில் |
| வட்டார நிறுவனம் | நேரம் தவறாமை | ஒதுக்கிவைத்த கடன், கைவிடப்படும் கிளைகள் | அடர்ந்த நகரங்கள். சரக்கு மட்டும் பிரதானமான நாடு |
| அரசே | இணைப்பு ரயில்கள் | நிரந்தர வரிப்பணம் | நீண்டகால நிதி உறுதி உள்ள நாடு |

ஒரு நாடு ஒரே வழியைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. அதிவேகத் தடத்தில் போட்டி, வட்டார ரயிலுக்கு டெண்டர், தண்டவாளம் அரசிடம் என்ற கலவையை நான் ஆதரிப்பேன். ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஆணையம், பிறகு தண்டவாளத்தில் காலி நேரம், அதன் பிறகுதான் அழைப்பு. நெரிசலான கலப்புத் தடம் மட்டுமே உள்ள நாட்டில், இரண்டாவது தடமும் சரக்குக்குத் தனிப்பாதையும் போட்டு முடிக்கும் வரை பயணிகள் போட்டியைத் தள்ளிப்போடுவதே சரி.

திரும்பி வரும் செலவை ஒப்பந்தம் போடும் நாளிலேயே எழுதிவைக்க வேண்டும். நியூசிலாந்து 1993இல் ரயிலை விற்றது. தேய்ந்துபோன தண்டவாளத்தை 2004இல் ஒரு டாலருக்குத் திரும்ப வாங்கியது, மலிவுதான், ஆனால் சீரமைக்கும் செலவு முழுதும் அரசின் தலையில். ரயில்களையும் கப்பல்களையும் மீட்க 2008இல் பல நூறு மில்லியன் டாலர் ஆனது. அர்ஜென்டினாவில் 1990களில் கொடுத்த உரிமங்கள் பராமரிப்பைக் கண்காணிக்காமல் ஓடின. 2012 பிப்ரவரியில் பியூனஸ் அயர்ஸின் ஒன்சே நிலையத்தில் காலை நேரக் கூட்ட ரயில் தடத்தின் முடிவில் மோதி 51 பேர் இறந்த பிறகுதான் உரிமம் ரத்தானது.

ஆகவே அரசு ஒரு திட்டத்தை அறிவிக்கும்போது கட்டண அறிவிப்பைத் தாண்டி நான்கு விவரங்களைத் தேடிப் பாருங்கள். தடநேரத்தை ஒதுக்குபவரின் பெயர். அவருக்கு எதிராக மேல்முறையீடு செய்யும் இடம். நட்டத் தடங்களுக்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது. ஒப்பந்தம் முறிந்தால் மறுநாள் காலை பெட்டிகளும் ஓட்டுநர்களும் யாரிடம் இருப்பார்கள்.